இரண்டு யானையும் நீலத் துணியும் ஒரு நீத்துப்பெட்டியும்

லாச்சப்பல் மெட்ரோவில் இறங்கி, ஃபோபூர் சென்-தெனி வீதியால் கார்-து-நோர் பக்கம் நடந்து பாருங்கள். பெயர்ப்பலகைகளை வாசிக்கவே ஒரு மணித்தியாலம் போய்விடும். ஊர்ப்பெயர், சாமிப்பெயர், பிள்ளையின் பெயர், எதுவும் தோன்றாவிட்டால் 'ஏசியா' என்று தொடங்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு படம். பனை, யாழ், நந்தி, கார்த்திகைப்பூ, குத்துவிளக்கு, மயில். சில பலகைகளில் இவை எல்லாமே ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், நடுவில் ஈபிள் கோபுரமும்.

இப்போது இந்தப் பலகைகள் ஒவ்வொன்றாக மாறி வருகின்றன. கடை தொடங்கியவர்களுக்கு வயது போய்விட்டது. பிள்ளைகள் இங்கே படித்தவர்கள். அவர்களுக்குப் பழைய பலகை வெட்கமாக இருக்கிறது. 'சிம்பிளாக' இருக்க வேண்டும், கைத்தொலைபேசியில் சின்னதாகத் தெரிந்தாலும் விளங்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பனையோலைப் பொருட்கள் விற்கிறார். பெரிய கடை என்று சொல்ல முடியாது. இன்னொருவரின் கடையில் ஒரு பக்கத்து இறாக்கைகள், கோடையில் சந்தைகளில் ஒரு மேசை, பிள்ளையார் தேரன்று ஒரு கூடாரம். கடகம், சுளகு, விசிறி, நீத்துப்பெட்டி, கொட்டைப்பெட்டி எல்லாம் ஊரிலிருந்து வருகின்றன. அவருடைய சின்னம் ஒரு வட்டம். அதற்குள் பனை, யாழ், குத்துவிளக்கு. சுற்றிவரத் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுத்து. மகன் அதை எடுத்துவிட்டு ஒரு கோட்டில் வரைந்த ஓலை, கீழே லத்தீன் எழுத்தில் பெயர் என்று மாற்றப் பார்க்கிறார். வீட்டில் சண்டை. 'நீங்கள் பழைய கதையெல்லாம் எழுதுகிற ஆள்தானே, ஒரு முடிவு சொல்லுங்கோ' என்று கேட்டார்கள்.

முடிவு கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், வணிகச் சின்னம் என்பது உண்மையில் யாருடைய சொத்து என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பழைய கதைகள் இருக்கின்றன. இரண்டுமே துணிக் கதைகள். இரண்டும் எங்கள் பக்கத்தோடு தொடர்புள்ளவை.

முதலாவது இரண்டு யானைகளின் கதை. ஸ்கொட்லாந்தில் ஆர்ச்சிபால்ட் ஓர் யூவிங் என்றொரு நிறுவனம் இருந்தது. 'துருக்கிச் சிவப்பு' என்று பெயர் பெற்ற சிவப்புச் சாய நூலை பம்பாய்க்கும் ஏடனுக்கும் அனுப்புவது அதன் தொழில். (சிவப்புச் சாயம் எங்களுக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் கிண்டுவது அரசுக்கு வருமானம் தந்த தொழில்.) நூல் கட்டில் ஒட்டும் சிட்டையில் இரண்டு யானைகளைப் போட்டிருந்தார்கள். சந்தையில் அந்த ஆங்கிலப் பெயரை யார் வாசித்தார்கள்? நூல் வாங்குகிறவர்கள் 'பே ஹாத்தி' என்று கேட்டு வாங்கினார்கள். இரண்டு யானை, அவ்வளவுதான்.

பிறகு ஜோன்ஸ்டன் என்ற லண்டன் வணிக நிறுவனம் தன்னுடைய சிட்டையிலும் இரண்டு யானைகளைப் போட்டது. கம்பனிப் பெயர் வேறு, மற்ற விவரங்களும் வேறு. வழக்கு பிரித்தானியப் பிரபுக்கள் சபை வரை போய் 1882 இல் தீர்ந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவன் இரண்டு சிட்டைகளையும் குழப்பிக்கொள்ள மாட்டான். ஆனால் அந்த நூலை வாங்குகிறவன் ஆங்கிலம் வாசிப்பவன் அல்ல, இரண்டு யானை கேட்பவன். அவன் ஏமாறக்கூடும் என்பதால் யூவிங் பக்கம் தீர்ப்பானது.

இந்தத் தீர்ப்பை நான் பெரிய விசயமாக நினைக்கிறேன். சின்னம் எது என்பதை அதை வரைந்தவன் தீர்மானிக்கவில்லை. அவன் சிட்டையில் எத்தனையோ அலங்காரம் செய்திருப்பான். பம்பாய்க் கடைத்தெருவில் நின்றவன் அதில் இரண்டு யானைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் மொழியில் பெயரும் வைத்துவிட்டான். உலகின் பெரிய நீதிமன்றங்களில் ஒன்று அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

நாங்களும் அப்படித்தானே வளர்ந்தோம்? எலிபன்ட் ஹவுஸ் சோடாவை யானைச் சோடா என்றுதான் கேட்டோம். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மம்மாவுக்குத் தெரியாது, படம் தெரியும். 'அந்தப் படம் போட்டதை வாங்கி வா' என்று சொல்லி அனுப்பினால் பிள்ளை சரியாக வாங்கி வரும்.

இரண்டாவது கதை பிரான்ஸோடு நேரடியாகச் சேர்ந்தது. ஆனாலும் லாச்சப்பலில் எங்கள் ஆட்கள் அதைக் கதைத்து நான் கேட்டதில்லை.

புதுச்சேரியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நெய்து, அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலப் பருத்தித் துணிக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் 'கினே'. ஆபிரிக்காவின் கினிக் கரைக்குப் போன துணி என்பதால் அந்தப் பெயர். 18ஆம் நூற்றாண்டில் இந்தத் துணி அடிமை வியாபாரத்தில் கைமாறியது. அதை மறைக்கக் கூடாது. தமிழ் நெசவாளனின் துணியும் அந்தப் பாவக் கணக்கில் ஒரு வரி.

19ஆம் நூற்றாண்டில் அதே துணி செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசின் வாங்கப் பயன்பட்டது. அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி அச்சுத் தொழிலுக்கு மிகவும் தேவைப்பட்டது. சாயத்தைத் தடிப்பாக்கித் துணியில் பரவாமல் நிறுத்துவது அதுதான். பிசின் சேகரித்தவர்கள் பாலைவன ஓரத்து மூர் இனத்தவர். அவர்கள் பிரெஞ்சுக் காசை விரும்பவில்லை, நீலத் துணியைக் கேட்டார்கள். இதனால் 'ஒரு துண்டு கினே' என்பது அங்கே பணத்தின் அலகாகவே ஆனது. விலையைச் சொல்வதும் கடனைச் சொல்வதும் துணித் துண்டுகளில். எங்கள் பக்கத்துத் தறியில் நெய்த துணி, எங்களுக்குத் தெரியாத ஓர் ஆற்றங்கரையில் காசாகப் புழங்கியது!

பிரான்ஸின் உள்நாட்டு முதலாளிகள் சும்மா இருப்பார்களா? ருவான் நகரத்து ஆலைக்காரர்களும் நீலத் துணி செய்து செனகலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அதே நீலம், இயந்திரத்தில் சீராக நெய்தது. ஆனால் ஆற்றங்கரையில் எடுபடவில்லை. வாங்குகிறவர் துணியைக் கையால் தடவிப் பார்ப்பார், மணந்து பார்ப்பார். புதுச்சேரித் துணிக்கு ஒரு மணமும் மினுக்கமும் உண்டு. உடுத்தினால் தோலில் நீலம் ஒட்டும். அது குறையாகப் படவில்லை. அசல் என்பதற்கு அதுவே அத்தாட்சி. இது வேறு துணி என்று ருவான் துணியை ஒதுக்கிவிட்டார்கள்.

துணி காசாகிவிட்டால் கள்ளக் காசும் வரத்தானே செய்யும். நீளம் குறைந்த துண்டு, பாரம் குறைந்த துண்டு, சாயம் போதாத துண்டு எல்லாம் சந்தைக்கு வந்தன. கடைசியில் பிரெஞ்சு அரசு 1843 இல் ஒரு கட்டளை போட்டது: கினேத் துணிக்கு இன்ன அளவு, இன்ன பாரம், சரிபார்த்து முத்திரை குத்தித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் வாங்குகிறவரின் மூக்கும் விரலும் அந்த வேலையை அரசாங்கத்துக்கு முன்பே செய்துகொண்டிருந்தன. முத்திரை பின்னால் வந்தது.

லாச்சப்பலிலிருந்து மேம்பால மெட்ரோவின் கீழால் பார்பெஸ் வரை நடந்து, ஷத்தோ ரூஜ் பக்கம் திரும்புங்கள். செனகல், மாலி, ஐவரி கோஸ்ட் நாட்டுப் பெண்கள் துணி வாங்கும் கடைகள் வரும். அவர்கள் 'வாக்ஸ்' துணியின் கரையை விரித்து அங்கே அச்சிட்ட எழுத்தைப் பார்ப்பார்கள். 1846 இல் ஒல்லாந்தில் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனத்தின் துணியா, போலியா என்று கரையே சொல்லும். ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் கம்பனி வைத்திருப்பது வெறும் இலக்கம். 'என் புருசன் வல்லவன்', 'என் சக்களத்தியின் கண்' போன்ற பெயர்களை வைத்தவர்கள் மேற்கு ஆபிரிக்காவின் வியாபாரப் பெண்களும் வாங்குகிறவர்களும். பம்பாய்ச் சந்தையின் 'பே ஹாத்தி' போலத்தான் இதுவும். பத்து நிமிச நடைத் தூரத்தில் இருக்கிறோம். ஒரு காலத்தில் அவர்களின் பாட்டன்மார் எங்கள் பக்கத்துத் துணியை மணந்து பார்த்து வாங்கியிருக்கிறார்கள். இப்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு போகிறோம்.

இனி எங்கள் பலகைகளுக்கு வருகிறேன். அதில் ஏன் இத்தனை நெருக்கடி?

பிள்ளைகளுக்கு இது விளங்காமல் இருப்பது அவர்களின் பிழை அல்ல. இலங்கையில் தமிழ் எழுத்துப் பலகை வெறும் விளம்பரமாக இருந்ததில்லை. 1957 தை மாதம் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. வடக்குக் கிழக்கில் அதை அழித்துத் தமிழ் எழுத்தை எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கில் தாரும் தூரிகையுமாக வந்தவர்கள் தமிழ் எழுத்துப் பலகைகளைப் பூசி அழித்தார்கள். 1958 வைகாசியில் கலவரம். 1983 ஆடியில் கொழும்பில் என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. வாக்காளர் பட்டியலோடு வந்தவர்களுக்கு எந்த வீடு தமிழர் வீடு என்று தெரிந்திருந்தது. கடையை அறியப் பட்டியலும் தேவைப்படவில்லை, வாசலில் தொங்கிய பெயரே போதும்.

அப்படித் தப்பி வந்தவர்கள் லாச்சப்பலில் கடை போட்டபோது, பலகையைத் தமிழில் எழுதி ஆணியடித்தார்கள். பயமில்லாமல் அடித்த முதற் பலகை அது. இடம் கிடைத்தவுடன் ஊரிலிருந்து கொண்டுவர முடியாத எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டார்கள். பனையும் யாழும் விளக்கும் ஒன்றாக நெருக்குவது இதனால்தான். வடிவமைப்புப் பள்ளியில் படித்த ஒருவர் இதைக் குப்பை என்பார். எனக்கு அது அவசரமாகக் கட்டிய பயணப் பை மாதிரித் தெரிகிறது.

ஆனாலும் எங்கள் முன்னோர் சின்னம் போடத் தெரியாதவர்கள் இல்லை. யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயத்தைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்று தமிழில் இரண்டே எழுத்து. செப்புக் காசில் அதற்கு மேல் இடமில்லை, தேவையும் இல்லை. கையில் எடுத்தவனுக்கு யாருடைய காசு என்று உடனே தெரியும். ஆகவே 'சிம்பிள்' என்பது பிள்ளைகள் இங்கே வந்து கண்டுபிடித்ததும் இல்லை, தமிழைக் கைவிட்டால்தான் கிடைக்கும் என்பதும் இல்லை.

சட்டப் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கனபேர் இதில் கவனமில்லாமல் இருக்கிறார்கள். பிரான்ஸில் வணிகக் குறிகளுக்கான சட்டம் 1857 இல் வந்தது. அப்போது முதலில் பாவித்தவருக்கு உரிமை. 1964 ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றியது. அதற்குப் பிறகு பதிவு செய்தவருக்குத்தான் உரிமை. பதிவது 1951 இல் உருவான 'இன்பி' என்ற நிறுவனத்தில். ஒரு பதிவு பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இருபது வருடமாக ஒரு பெயரில் கடை நடத்துகிறோம், அது எங்கள் பெயர் என்று நினைத்துக்கொண்டிருப்பது போதாது. பலகையை மாற்றுவதற்கு மாநகரசபை அனுமதியும் வேண்டும். தமிழில் எழுதக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. 1994 ஆம் ஆண்டுத் தூபோன் சட்டம் பொருளைப் பற்றிய விளக்கம் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. கடையின் பெயரை எந்த மொழியிலும் வைக்கலாம். 'பிரெஞ்சில்தான் எழுத வேண்டுமாம்' என்று சொல்லித் தமிழை எடுக்கிறவர்கள் சட்டத்தைச் சாட்டாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இனிப் பனையோலைக்கு வருவோம். இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978 இல் உருவானது. 'கற்பகம்' என்ற பெயரில் அதன் விற்பனை நிலையங்கள் வந்தன. அதற்கு முன்பும் பின்பும் ஓலை வேலை பெரும்பாலும் பெண்களின் கைவேலை, வீட்டுத் திண்ணையில் நடந்த வேலை. மரம் ஏறி ஓலை வெட்டிக் கொடுத்தவர்களைச் சமூகம் எந்தத் தூரத்தில் வைத்திருந்தது என்றும் எங்களுக்குத் தெரியும். அவர்கள் வெட்டிய ஓலையில் இழைத்த பெட்டி பூசை அறை வரை போகும், அவர்கள் படலையோடு நிற்க வேண்டும். போர் வந்தபோது பனைகள் பதுங்குகுழிக்குக் குற்றிகளாகப் போயின, செல்லடியில் தலையிழந்து நின்றன. 2009 க்குப் பிறகு வன்னியில் புருசனை இழந்த கனபெண்களுக்கு இந்த ஓலை வேலை கைக்கு வந்த சில தொழில்களில் ஒன்றாயிற்று.

அக்காவின் மேசையில் இருக்கும் கடகம் இந்தக் கைகளிலிருந்து வருகிறது. தேரன்று வரும் பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சந்தைக்கூடை என்று வாங்குகிறார்கள். (மாணிக்க விநாயகர் ஆலயம் 1985 இல் தொடங்கியது. 1996 இலிருந்து தேர் வீதிக்கு வருகிறது. அன்று லாச்சப்பலில் எங்களைவிட கமராக்கள் கூட.) எங்கள் ஆட்கள் வாங்குவது நீத்துப்பெட்டி. அலுமினியக் குழலில் அவித்த பிட்டுக்கும் நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூக்கு உடனே சொல்லும். ஆவியில் ஓலை மணம் ஏறும். செனகல் ஆற்றங்கரையில் துணியை மணந்து பார்த்தவரின் அறிவும் இதே வகை அறிவுதான்.

ஆகவே நான் முதலில் கேட்டது இது: உங்களிடம் வாங்குகிறவர்கள் கடையை என்ன பெயர் சொல்லிச் சொல்கிறார்கள்? அக்கா சிரித்துக்கொண்டு சொன்னார். சின்னத்தில் இருக்கும் நீளமான பெயரை ஒருவரும் சொல்வதில்லை. 'நீத்துப்பெட்டி அக்கா' என்றுதான் சொல்கிறார்களாம். வட்டத்தில் உள்ள பனையையும் யாழையும் விளக்கையும் விட்டுவிட்டுச் சனம் தன் சின்னத்தைத் தானே தெரிவு செய்துவிட்டது. மகனின் ஒற்றை ஓலையும் அதில் இல்லை. அந்த ஓலையைப் போட்டால் மசாஜ் நிலையமா, சவர்க்காரக் கடையா என்று வருகிறவர் யோசிப்பார்.

இந்தியாவில் 2006 இல் கைத்தறிக்கென்று ஒரு முத்திரை கொண்டுவந்தார்கள். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வரைந்தது. சக்கரம் இல்லை, மயில் இல்லை, தெய்வம் இல்லை. பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று கடந்து ஒரு கனசதுரமாகும் வடிவம். வேலையையே சின்னமாக்கினார்கள். எங்கள் கடகத்துக்கும் பெட்டிக்கும் அப்படி ஒரு வடிவம் இழைப்பிலேயே இருக்கிறது: அடி சதுரம், வாய் வட்டம். சதுரத்தில் தொடங்கிய ஓலை எப்படி வட்டமாக முடிகிறது என்பது கையில் எடுத்துப் பார்க்கிற எவருக்கும் ஆச்சரியம். அதை நாலு கோட்டில் வரையலாம். தொலைபேசியிலும் தெரியும், ரப்பர் முத்திரையாகவும் குத்தலாம். பக்கத்தில் 'நீத்துப்பெட்டி' என்று தமிழில் ஒரு சொல், கீழே அதே சொல் லத்தீன் எழுத்தில். பிரெஞ்சுக்காரர் உச்சரிக்கக் கஷ்டப்படட்டும். நாங்கள் 'ஃபோபூர் சென்-தெனி' சொல்லப் பழகவில்லையா?

பழைய வட்டத்தை எறிய வேண்டாம் என்றும் சொன்னேன். ஒரு வருடமாவது பையின் பின்பக்கத்தில் சின்னதாக இருக்கட்டும். பழைய வாடிக்கைக்காரர் பழைய ஆள்தான் என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

மகன் சம்மதித்தார். ஆனால் நான் கேட்ட இன்னொன்றுக்கு இரண்டு பேருமே தயங்கினார்கள்: பொருளோடு கட்டும் மட்டையில் இழைத்தவரின் பெயரும் ஊரும் போட வேண்டும், அவருக்கு விருப்பமென்றால். 'அதெல்லாம் இடைத்தரகர் ஊடாக வருகுது, யார் செய்தது என்று எங்களுக்கே தெரியாது' என்றார் அக்கா. உண்மையாக இருக்கலாம். ஆனால் கேட்டால் தெரியும். கேட்கத் தொடங்கினால் அந்தப் பெண்ணுக்குக் கையில் எவ்வளவு போகிறது என்ற கேள்வியும் கூடவே வரும். தயக்கத்துக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

லாச்சப்பலில் நாங்கள் நாளாந்தம் நடக்கும் ஒரு வீதியின் பெயர் பிலிப் து ஜிரார். யார் என்று தேடிப் பார்த்தேன். நெப்போலியன் 1810 இல் ஆளிநார் நூற்கும் இயந்திரம் கண்டுபிடிப்பவருக்குப் பத்து லட்சம் பிராங் பரிசு அறிவித்தான். அந்த இயந்திரத்தைச் செய்தவர் இவர். பரிசு கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை. ஆனால் ஒரு வீதிக்கு அவர் பெயர் இருக்கிறது, போலந்தில் ஒரு நகரத்துக்கும் இருக்கிறது. செனகலில் காசாகப் புழங்கிய அந்த நீலத் துணியை நெய்தவர்களையும் சாயம் தோய்த்தவர்களையும் நான் பார்த்த எந்தப் புத்தகமும் 'புதுச்சேரி' என்ற ஒரே ஊர்ப்பெயருக்குள் அடக்கிவிடுகிறது. இன்று ஒரு நீத்துப்பெட்டியின் மட்டையில் ஒரு பெண்ணின் பெயரை எழுதுவதற்கு ஒரு பேனை போதும். அக்கா அடுத்த பொதி வரும்போது இடைத்தரகரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.